பரணி மழையும் புழக்கடைப் பாத்தியும்

வசந்தம் பிறந்ததும் வீட்டார் அனைவரும் கூடிப் புழக்கடையைக் கொத்திப் பண்படுத்திக் காய்கறி விதையிடும் வழக்கம் மைசூர் நகரத்து இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. தந்தை மண்வெட்டி பிடிப்பார்; தாய் சென்ற ஆண்டு முடிந்து வைத்த விதை முடிச்சை அவிழ்ப்பாள்; பாட்டி எந்த விதை எங்கே என்று இடம் காட்டுவாள்; பிள்ளைகள் செம்பில் நீர் மொண்டு வந்து பாத்தியிலும் தம் காலிலும் சரிபாதியாக ஊற்றுவார்கள். பார்வைக்கு இஃது எளிய காட்சி. ஆயினும் இதன் பின்னே ஓர் அரசின் வரலாறும், ஒரு கொள்ளைநோயின் வரலாறும், ஓர் ஆற்றின் வரலாறும், தமிழகத்திலிருந்து சென்று அந்நாட்டில் வேரூன்றிய மக்களின் வரலாறும் மறைந்து கிடக்கின்றன. தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு அவ்வரலாறு பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் காலத்தைக் காண்போம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் நாட்டு உழவர் மொழி. தமிழ்நாட்டுச் சமவெளியில் சித்திரையும் வைகாசியும் நிலம் வெடிக்கும் காலம். சூரியன் பரணி, கார்த்திகை, உரோகிணி ஆகிய நட்சத்திரங்களின் வழியே செல்லும் மே மாதத்து நாட்களை அக்கினி நட்சத்திரம் என்றும், கத்தரி வெயில் என்றும் கூறி நாம் அஞ்சுகிறோம். அந்நாட்களில் விதையிட எவரும் துணியார். மைசூரோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில், தக்காண மேட்டு நிலத்தின் தென்கோடியில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழை தொடங்கு முன்னரே, ஏப்ரல் மாத நடுவிலிருந்து அங்கே மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை பெய்யத் தொடங்கிவிடும். கன்னட உழவர்கள் அம்மழைகளை நட்சத்திரங்களின் பெயராலேயே அழைப்பர்: அசுவினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை, உரோகிணி மழை. பரணியில் மழை பெய்தால் தரணி பிழைக்கும் என்னும் கருத்தமைந்த பழமொழியும் அவர்களிடம் உண்டு.

பஞ்சாங்கம் ஒன்றுதான்; வானத்து மீனும் ஒன்றுதான். அதே பரணி, மதுரையில் வெயிலாகக் காய்கிறது. மைசூரில் மழையாகப் பெய்கிறது. குடிபெயர்ந்து சென்ற தமிழ்க் குடும்பம் அங்கே கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே. ஆடி வரட்டும் என்று காத்திருப்பவன் முதல் மழையை இழப்பான். யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் உண்டு, மறுவாரமே மண்ணைக் கொத்தி வைப்பவன் அம்மழையைப் பெறுவான். கன்னடரின் யுகாதி சந்திரமானக் கணக்கைச் சார்ந்தது. நம் சித்திரைப் பிறப்பு சூரியமானக் கணக்கைச் சார்ந்தது. பெரும்பாலும் யுகாதி முன்னும் சித்திரை பின்னுமாக வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே நிலத்தைப் பண்படுத்துவதற்கு ஏற்ற நாட்கள்.

இனி, தோட்டத்தின் பழைய வரலாற்றைச் சிறிது காண்போம். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதினார். அவர் நூல் 1807-இல் வெளிவந்தது. மைசூர் நாட்டில் தோட்டங்கள் நான்கு வகைப்படும் என்று அவர் குறித்துள்ளார்: காய்கறித் தோட்டம், தென்னந்தோட்டம், வெற்றிலைத் தோட்டம், பூந்தோட்டம். காய்கறித் தோட்டத்தை அந்நாட்டார் ‘தர்க்காரித் தோட்டம்’ என்றனர். ‘தர்க்காரி’ என்னும் அச்சொல் கன்னட நாட்டுச் சந்தைகளில் இன்றும் வழங்குகிறது.

அத்தோட்டங்களில் உழைத்தவர் யாவர்? இங்கே தமிழர்க்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. பெங்களூரைச் சுற்றிக் காய்கறியும் கீரையும் பூவும் பயிரிட்டுப் புகழ் பெற்றவர்கள் திகளர் என்னும் வகுப்பினர். பழங்கன்னடத்தில் ‘திகுள’ என்னும் சொல் தமிழரைக் குறித்தது. 1760-ஆம் ஆண்டளவில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தை அமைத்தபோது, தமிழ் வழங்கும் நிலப்பகுதியிலிருந்து இவர்களை அழைத்து வந்தார் என்பது வழிவழிச் செய்தி. அவர்கள் அதற்கு முன்னரே அங்கு வாழ்ந்தனர் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், திரௌபதியம்மனை வழிபடும் இவ்வகுப்பினர் எடுக்கும் கரகத் திருவிழா ஆண்டுதோறும் சைத்திர மாதத்துப் பௌர்ணமியில், அதாவது வசந்தத்தின் நடுவில் நடைபெறுகிறது. வட தமிழ்நாட்டுத் திரௌபதி கோயில்களை அறிந்தவர்க்கு அவ்விழாவின் உறவு விளங்காமற் போகாது. கையில் மண்வெட்டியோடு சென்ற தமிழர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கன்னட நாட்டின் உணவுக் கலத்தை நிரப்பியவர்களாயினர்.

லால்பாக் பின்னர் ஆங்கில ஆட்சியில் 1856-இல் அரசாங்கத் தாவரவியல் தோட்டமாயிற்று. அங்கே 1874 முதல் 1908 வரை மேற்பார்வையாளராக இருந்தவர் ஜான் காமரன். நம் சமையலறையில் சௌசௌ என்று வழங்கும் காயை இந்நாட்டிற்கு அறிமுகம் செய்தவர் அவரே என்பர். அக்காயின் பிறப்பிடம் நடு அமெரிக்காவும் மெக்சிகோவும் ஆகும். கன்னடர் அதைச் ‘சீமெ பதனேகாயி’, அதாவது சீமைக் கத்தரிக்காய் என்கின்றனர். தமிழரோ பெங்களூர்க் கத்தரிக்காய் என்கின்றனர். பெங்களூரார்க்கு அது சீமையிலிருந்து வந்தது. நமக்கு அது பெங்களூரிலிருந்து வந்தது. ஒரு காய் எவ்வழியே தம் ஊருக்கு வந்ததோ அவ்வழியின் பெயரையே மக்கள் அதற்கு இட்டு வழங்குவர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அக்காய்க்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதன் விதையைத் தனியே பிரித்தெடுத்து விதைப்பதில்லை. முளை விட்ட முழுக்காயையே மண்ணில் பாதி புதைத்துப் பந்தலிட வேண்டும். தன் உடலையே உணவாகக் கொண்டு அது முதல் வேரை ஊன்றுகிறது.

காமரனுக்குப் பின் 1908-இல் வந்தவர் ஜெர்மானியராகிய கிரும்பிகல். 1893-இல் இந்தியாவுக்கு வந்து பரோடாவில் பணியாற்றிய பின் மைசூர் அரசில் சேர்ந்து, 1932 வரை அதன் தோட்டக்கலையை நடத்தினார். 1912-இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் நிறுவப்பட்டது. அதுவரை அரசர்க்கும் அதிகாரிகட்கும் உரியதாயிருந்த தோட்டக்கலை, நடுத்தரக் குடும்பத்தின் முற்றத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய காலம் அது.

ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு முற்றம் எங்கிருந்து வந்தது? பழைய மைசூரில் கோட்டையையும் அக்கிரகாரங்களையும் சூழ்ந்து வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. 1898-இல் மைசூர் அரசில் பிளேக் நோய் புகுந்தது. மக்கள் வீடுகளை அடைத்துவிட்டு ஊருக்கு வெளியே குடிசைகளில் தங்கினர். நெரிசலும் காற்றோட்டமின்மையும் நோய்க்கு இடமளிக்கின்றன என்று கண்ட அரசாங்கம், 1903-இல் மைசூர் நகர மேம்பாட்டுக் குழுவை அமைத்தது. அதன் பயனாக லட்சுமிபுரம், சாமராஜபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், ஒண்டிகொப்பல் முதலிய புதுக்குடியிருப்புகள் அகன்ற தெருக்களோடும் வீட்டைச் சுற்றி வெற்றிடத்தோடும் விரிந்தன. காற்றுக்காக விடப்பட்ட இடம் அது. அவ்விடத்தில் இல்லத்தரசிகள் கறிவேப்பிலையும் முருங்கையும் அவரைப் பந்தலும் வைத்தனர். சாவுக்கு அஞ்சி விட்ட இடத்தில் வாழ்வு முளைத்தது என்பது மிகையன்று.

அப்புதுக்குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் பல. மண்டயம் ஐயங்கார், ஹெப்பார் ஐயங்கார் எனப்படுவோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சென்றவர்கள். கன்னடம் கலந்த தமிழை வீட்டில் பேசுபவர்கள். அரசுப் பணியும் ஆசிரியப் பணியும் நாடிப் பின்னர்ச் சென்றவர் பலர். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் யாதவகிரியில் வீடு கட்டி நெடுங்காலம் வாழ்ந்தார். அவ்வீடு 2016-இல் காட்சியகமாயிற்று. இவர்கள் யாவரும் சந்தித்த கேள்வி ஒன்றே: ஊரிலிருந்து கொண்டுவந்த விதையைப் போடுவதா, இவ்வூர் விதையைக் கேட்டு வாங்குவதா?

அவரை இக்கேள்விக்கு விடை கூறும். மைசூர் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகினாலன்றிப் பூக்காத இயல்புடையது. சித்திரையில் ஊன்றினாலும் கொடி மட்டுமே படரும். பூவும் காயும் மார்கழியை ஒட்டித்தான். இதை அறியாதவர் கொடி மலடு என்று கருதி வெட்டி எறிந்துவிடுவர். பக்கத்து வீட்டுக் கன்னட மூதாட்டியிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், பொறுத்திருங்கள் என்று கூறியிருப்பாள். பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாது எப்பருவத்திலும் காய்க்கும் குற்றவரை வகைகளைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் ‘ஹெப்பால் அவரை’ என்னும் பெயரால் பின்னர் உருவாக்கினர். ஆயினும் மார்கழிப் பனியில் வரும் நாட்டவரையின் மணத்துக்காக மைசூரார் இன்றும் காத்திருக்கின்றனர்.

கேட்டுப் பழகினால் மொழியும் கைவரும். கன்னடர் பீர்க்கங்காயை ஹீரேகாயி என்பர். பாகற்காயை ஹாகலகாயி என்பர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் அவர்கள் மொழியில் ஹகரமாகிறது. பூ என்பது ஹூ ஆவது போல. வெண்டைக்காய் பெண்டேகாயி ஆகிறது. இங்கே வகரம் பகரமாயிற்று. நம் குழந்தைகள் பாத்தியருகே நின்று இப்பெயர்களை இணைத்துச் சொல்லிப் பழகுவார்களாயின், இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதை இலக்கண நூலின்றியே உணர்ந்துகொள்வர். தாய்மொழிச் சொல்லும் அவர்கள் நாவில் நிலைக்கும். வெளியூரில் வளரும் தமிழ்க் குழந்தை முதலில் மறப்பது பெருஞ்சொற்களையல்ல. பீர்க்கு, புடல், பாத்தி, பந்தல், கொழுகொம்பு போன்ற வீட்டுச் சொற்களையே.

தோட்டத்துக்கு விதை மட்டும் போதாது; நீர் வேண்டும். பழைய மைசூர் கிணறுகளையும் ஏரிகளையும் நம்பியிருந்த நகரம். திவான் பூர்ணய்யா காவிரி நீரைக் கால்வாய் வழியே நகருக்குக் கொணர முயன்றார், அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. 1864-இல் குக்கரஹள்ளி ஏரி அமைந்தது. 1911-இல் கண்ணம்பாடியில் அணைப்பணி தொடங்கியது. கிருஷ்ணராஜ சாகரம் எனப் பெயர் பெற்ற அவ்வணை 1930-களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. இன்று மைசூர் இல்லங்களின் குழாய்களில் வருவது காவிரியும் அதன் துணையாறாகிய கபினியும் தரும் நீரே. பாத்தியில் ஊற்றும் அந்த நீர் மேட்டூரையும் தஞ்சையையும் நோக்கிச் செல்லும் ஆற்றின் நீர் என்பதைத் தமிழ்க் குடும்பம் நினையாமல் இருக்க முடியாது.

அந்நினைவு எக்காலத்தும் இனியதாக இருந்ததில்லை. 1924-இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ்க் கண்ணம்பாடி அணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் உருப்பெற்றன. அரை நூற்றாண்டுக்குப் பின் அவ்வுடன்படிக்கையே வழக்காயிற்று. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில், கருநாடகத்தில் வாழ்ந்த தமிழர் பலர் வீடும் பொருளும் இழந்தனர். பலர் ஊரை விட்டே அகன்றனர். காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை விட்டுச் சென்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே நீர் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. நீரைப் பங்கிடும் வேலை மன்றங்களுக்கும் பொறியாளர்களுக்கும் உரியது. ஆயின் ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து வாழும் இரு வீட்டார் மதில் வழியே கத்தரி நாற்றும் கறிவேப்பிலைக் கொத்தும் மாற்றிக்கொள்ளும் வேலை நமக்குரியது. இப்பழக்கம் உள்ள தெருவில் ஒருவரை ஒருவர் அயலார் என்று எண்ணுவது எளிதன்று.

வீட்டுத் தோட்டம் நாட்டுக்கே உதவிய காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பூந்தோட்டங்களும் புல்வெளிகளும் கிழங்குப் பாத்திகளாயின. அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் எழுந்தன. நம் நாட்டில் 1943-ஐ ஒட்டி ‘அதிக உணவு உற்பத்தி’ இயக்கம் தொடங்கப்பெற்றது. 1965-இல் உணவு நெருக்கடி நேர்ந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டியதோடு, தம் இல்லத்துப் புல்வெளியையும் உழுது பயிரிட்டார். முற்றத்தில் விளைவது அளவிற் சிறிதே. ஆயினும் பலர் முற்றம் கூடினால் அது சிறிதன்று.

இனி, தொடங்க விரும்புவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மைசூரின் செம்மண்ணை முதல் மழைக்கு முன் ஒரு சாண் ஆழம் கொத்திக் காயவிட வேண்டும். மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, இடிமழை அடித்துச் செல்லாதபடி பாத்தியைச் சற்று மேடாக அமைக்க வேண்டும். வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றை நேரே ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றங்காலில் விதைத்து, நான்கைந்து வாரம் சென்றபின் பிடுங்கி நடவேண்டும். பிள்ளைகளுக்குத் தண்டுக்கீரைப் பாத்தி ஒன்றைத் தனியே ஒதுக்குவது நலம். அது ஒரு திங்களுக்குள் பறிப்புக்கு வந்து அவர்கள் பொறுமையைச் சோதிக்காது காக்கும். முருங்கைக்குக் கிளையை வெட்டி ஊன்றினாலே போதும். ஒவ்வொரு செடியிலும் முதலில் வரும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்றவிட்டு விதைக்கு வைத்தல் வேண்டும். வீரிய ஒட்டு விதையாயின் அது பயன் தராது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

மைசூரின் பெயரைத் தாங்கிய வெற்றிலையும் மல்லிகையும், அருகிலுள்ள நஞ்சன்கூட்டின் ரசவாழையும் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஈரனகெரேக் கத்தரிக்காயின் சுவையை முதியோர் சொல்லக் கேட்கலாம். ஆயினும், எந்த வீடுகளின் புறத்தே இடம் விட்டு நகரம் விரிந்ததோ அவ்வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. புழக்கடை மறையும்போது விதை முடிச்சும் மறைகிறது. முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த பாட்டியின் அறிவும் உடன் மறைகிறது. ‘ஹித்தல கிட மத்தல்ல’ என்பது கன்னடப் பழமொழி. கொல்லையில் வளரும் செடியை எவரும் மருந்தென்று மதிப்பதில்லை என்பது அதன் பொருள். கொல்லையே இல்லாத காலத்தில் அச்செடியின் அருமை தெரியவரும். நல்வாய்ப்பாக, மாடியிலும் தொட்டியிலும் பயிரிடுவோர் தொகை மைசூரில் பெருகிவருகிறது. தசரா மலர்க் காட்சியில் வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டியும் பரிசும் உண்டு.

தில்லியில் வாழும் நேயர்கள் மாசி மாதத்திலேயே, குளிர் நீங்கும் நாட்களில், சுரையும் வெண்டையும் விதைக்க வேண்டும். மும்பையில் இருப்போர் ஆனி மழையை எதிர்நோக்கி மண் தொட்டியைச் சித்தப்படுத்த வேண்டும். எவ்வூராயினும், அவ்வூரின் மழையை அறிந்த முதியவர் ஒருவர் அடுத்த வீட்டில் இருப்பார். அவரிடம் சென்று, ‘இங்கே எப்போது விதைப்பீர்கள்?’ என்று அவர் மொழியிலேயே கேளுங்கள். விடையோடு ஒரு பிடி விதையும் கிடைக்கும்.